மீட்டவரைத் துரத்திய நகர்

மழைக்காலம் முடிந்த கையோடு, வெள்ளம் விட்டுப்போன பாசியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். மாவுக்கட்டைப் பிரித்த மருத்துவர், விரல்கள் மறுபடி மடங்க வேண்டுமென்றால் ரப்பர் பந்து ஒன்றை அழுத்திக்கொண்டே இருங்கள் என்றார். கவரைப்பேட்டையில் விடுதியில் தங்கி, தொழிற்சாலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை செய்யும் என் மகள் அந்தச் சனிக்கிழமை வந்தவள், பந்துக்குப் பதிலாகத் தன் கல்லூரிக் காலத்து வீடியோ கேம் கருவியை என் கையில் திணித்தாள்.

"பந்துன்னா ரெண்டே நாள்ல தூக்கிக் கடாசிடுவப்பா. இத உட மாட்ட."

அவள் சொன்னது சரி. கும்மிடிப்பூண்டியில் பெரிய ஆலை ஒன்றில் பராமரிப்பு மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். பொறியியல் படித்தவன், பொழுதுபோகாதபோது தத்துவமும் படித்தவன். அப்படிப்பட்டவன் காலை நாஷ்டா முடிந்ததும் கட்டிலில் சாய்ந்து, பல்லிக்கும் பூனைக்கும் இடைப்பட்ட குட்டி அரக்கனாக மாறி, குகை குகையாக அலைந்துகொண்டிருந்தேன்.

விளையாட்டின் கதை எளிமையானது. அந்த உலகத்தில் மனிதர்களே கிடையாது, எல்லாரும் அரக்கர்கள். நீங்கள் ஒரு மீட்புக் குழு நடத்துகிறீர்கள். வீட்டு வாசலில் தபால் பெட்டி. அதில் தினமும் யாராவது அபயக்குரல் அனுப்பியிருப்பார்கள். குகைக்குள் தொலைந்துவிட்டேன், வந்து கூட்டிப் போங்கள் என்று. நீங்கள் அடிவாங்கி, மயங்கி, தட்டுத்தடுமாறி உள்ளே போய்க் கூட்டி வந்தால் ஓர் ஆப்பிள் தருவார்கள். அதே ஆள் மறுவாரம் அதே குகையில் மறுபடி தொலைந்து போயிருப்பான். எதற்காக ஐயா அங்கே போனாய் என்று கேட்க விளையாட்டில் வழியே இல்லை.

அந்த ஊர்க்காரர்கள் எனக்கு மிகவும் பிடித்துப்போனார்கள். கடைக்காரன் ஒருவன், பச்சை நிறத்தில், உடம்பில் பாதி வாய். எப்போது போனாலும் ஒரே வாக்கியம்தான் பேசுவான். கிணற்றடியில் வாத்து முகத்தோடு இரண்டு பேர் காலையிலிருந்து மாலை வரை நின்றுகொண்டே இருப்பார்கள். என்ன வேலை, எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஊரில் நடப்பதைப் பற்றி அவர்களுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தை யாரோ பார்த்து வரைந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

போட்டிக் குழுவும் ஒன்று உண்டு, மூன்று பேர். நாம் போய்க் காப்பாற்றியவனை ஊர் எல்லையில் வாங்கிக்கொண்டு, தாங்களே தூக்கி வந்ததுபோல் நடந்து வருவார்கள். கதையின் பாதியில் அவர்களுடைய தலைவன், நரி மூஞ்சிக்காரன், ஊர் நடுவில் நின்று ஒரு சந்தேகத்தைக் கிளப்புகிறான். ஊரை அடிக்கடி ஆட்டுகிற நிலநடுக்கம் வருவதே இந்தப் புதிய மீட்பனால்தானோ என்கிறான். அவ்வளவுதான். நான் ஒவ்வொருவராகக் குகையிலிருந்து இழுத்து வந்த அத்தனை பேரும் தடியோடு என் வீட்டு வாசலில். பச்சைக் கடைக்காரன் அதே ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு தடியோடு நிற்கிறான்.

கருவியைக் கட்டிலில் வீசினேன். "நன்றி கெட்ட ஜென்மங்கள்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அடுத்த வார விடுமுறைக்கும் வந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கவில்லை. "ஏன்ப்பா டென்ஷனாவுற. நம்ம நகர்ல நடக்காததா?"

"நம்ம நகர்லயா?"

"டிரம்காரர் மேட்டரத்தான் சொல்றேன். அவர தொரத்துனாங்கள்ல, எல்லாருமா சேந்து. இங்க நரி யாருன்னுதான் எனக்குத் தெரில."

எனக்குத் தெரியும்.

எங்கள் நகர் காக்களூர் தொழிற்பேட்டையை ஒட்டி, ஒரு காலத்தில் ஏரியின் உபரி நீர் ஓடிய பள்ளத்தில் இருக்கிறது. மனை வாங்கும்போது எல்லாருக்கும் அது தெரியும். ஏரி பழைய வழியில் திரும்பி வரும்போது மட்டும் அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்போம். ஐப்பசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை அது திரும்பி வந்தது. நான் மொட்டை மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரிலிருந்த தொழிற்சாலையின் மதில் சரிந்தது. உள்ளே அடுக்கியிருந்த காலி நீல டிரம்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஊர்வலம்போல், எங்கள் தெருவுக்கு மிதந்து வந்தன. நான் அதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தத் தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒருவர், கால்வாய்க்கு அந்தப் பக்கத் தெருவில் குடியிருப்பவர். மிதந்து வந்த டிரம்களைப் பிடித்து, நைலான் கயிற்றால் கட்டி, மேலே ஒரு கதவைப் போட்டுத் தெப்பம் செய்தார். தன் வீட்டுக்காரர்களைக் கரையேற்றிவிட்டு எங்கள் தெருவுக்கு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட எங்களிடம் அவருடைய எண்ணே கிடையாது. மதியத்துக்குள் தெருவே காலி. மாடிப்படியிலிருந்து தெப்பம்வரை என்னை முதுகில் சுமந்தார். நான் அவர் தோளில் நகத்தைப் பதித்திருப்பேன் போலிருக்கிறது.

"கெட்டியா புட்ச்சுக்கோ பெருசு. கழுத்த நெரிக்காத, தோள புடி" என்றார்.

எதிர்மாடியில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பல வருடம் 'சார்' என்று மட்டுமே கேட்டுப் பழகிய காதில் அந்தப் 'பெருசு' வெள்ளத்தைவிட ஆழமாக இறங்கியது. அதை மேலாளரின் அகந்தை என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். என் தகப்பனாருக்கு நெல் நிலம் இருந்தது. அதில் நாற்று நட்டவர்கள் இவரைப் போன்றவர்களின் தெருவிலிருந்துதான் வந்தார்கள். இது நிலக்காரனின் அகந்தை. என் படிப்பு அதன்மேல் பூசிய வெள்ளை மட்டும்தான்.

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் போட்டிக் குழு வந்தது. ஓர் இளைஞர் அணி. புதிய பனியன், வாடகைக்கு எடுத்த ரப்பர் படகு. அதில் துடுப்புப் போட முடியாது, தரை தட்டும். ஆகவே நான்கு பேர் இறங்கிப் படகை இழுக்க, இரண்டு பேர் துடுப்புப் போடுவதுபோல் நடிக்க, ஒருவர் வீடியோ எடுத்தார். ஏற்கெனவே வீடு திரும்பிவிட்ட எங்கள் செயலாளரின் மனைவியை மறுபடி படகில் ஏற்றித் தெருமுனையில் இறக்கினார்கள். அந்த அம்மாளும் கும்பிட்டபடியே இறங்கினார்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். யாருக்குப் பொன்னாடை போர்த்துவது என்பது பொருள். நான்தான் தலைவர். டிரம்காரருக்கு என்று யாரோ ஒருவர் சொன்னார். தலைகள் ஆடத் தொடங்கின. அப்போது நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். கேள்விதான், குற்றச்சாட்டு இல்லை. நரியும் அப்படித்தான் கேட்டது.

"கேட் பாஸ் இல்லாம கம்பெனிலேந்து ஒரு போல்ட் வெளிய வராது. ஞாயித்துக்கிழமை டிரம்முக்கு யார் பாஸ் போட்டது?"

ஆலைகளில் வேலை செய்தவர்கள் நிறைந்த அவையில் கேட் பாஸ் என்ற சொல் போதும். வாழ்நாள் முழுக்கச் சோற்று டப்பாவைத் திறந்து காட்டிவிட்டு வெளியே வந்தவர்கள் நாங்கள். வெள்ளத்துக்கு கேட் பாஸ் உண்டா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. "கரெக்டு சார், நாளைக்கு நம்ம மேல வரும்" என்றார் செயலாளர். பொன்னாடை இளைஞர் அணிக்குப் போனது. அதே தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கும் ஒருவர் அவையில் இருந்தார். அந்த வாரமே டிரம்காரரின் ஒப்பந்ததாரர் அவரை இனி வர வேண்டாம் என்றார். திருட்டுப் பேரோடு வெளியேறியவரைக் காக்களூரில் வேறு எந்த ஒப்பந்ததாரரும் சேர்க்கவில்லை. இது எனக்குத் தெரிந்தும் இரண்டு மாதம் நான் நன்றாகத் தூங்கினேன். ஒரு பொம்மை அரக்கனுக்காகத்தான் முதலில் கோபம் வந்தது.

மகளிடம் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவர் எடுக்கலன்னு தெரிஞ்சே கேட்டியா?"

"ஆமா."

"எங்கிட்ட ஏன்ப்பா சொல்ற?" என்றாள்.

திங்களன்று அந்தத் தொழிற்சாலையின் மேலாளரைப் பார்த்தேன். என் வயதுக்கும் பழைய பதவிக்கும் தேநீர் வந்தது. மதில் விழுந்ததையும் டிரம் மிதந்ததையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், மதில் உழுந்தது எங்களுக்குத் தெரியாதா? நாங்கதான கட்னோம்."

"பின்ன அவரை ஏன் அனுப்பினீங்க?"

"கம்ப்ளெயின்ட்டுன்னு வந்தா ஏதாச்சும் செஞ்சாகணும்ல. இப்ப உங்க பேச்ச வெச்சு திருப்பி எடுத்தா, அன்னிக்கு உங்க பேச்ச வெச்சு அனுப்புனது தப்புன்னு ஆயிடும்."

என் பணிக்காலத்தில் நான் சொன்ன வாக்கியம்போலவே இருந்தது. எழுந்து கால்வாயைத் தாண்டி டிரம்காரர் வீட்டுக்குப் போனேன். அவருக்கு அத்திப்பட்டில் அனல் மின் நிலையத்து வேலை ஒன்று தற்காலிகமாகக் கிடைத்திருந்தது, சாம்பல் அள்ளுகிற வேலை. அன்று அவருக்கு விடுமுறை. வாசலில் மனைவி துணி அலசிக்கொண்டிருந்தார்.

"தோ, தலைவர் வந்துகிறாரு" என்று உள்ளே குரல் கொடுத்தார். மரியாதைச் சொல்லை அவ்வளவு கேவலமாக நான் கேட்டதில்லை.

அவர் வந்தார். நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. டிரம் மிதந்து வந்ததைப் பார்த்தேன், பார்த்தும் அப்படிக் கேட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவர் நாற்காலியை ஓரமாக நகர்த்தினார். "நான் திருடலன்னு எனக்குத் தெரியும் சார். எங்கிட்ட வந்து இன்னாத்துக்கு சொல்லிக்கினு இருக்கீங்க? தெரியாதவன்கிட்ட போய் சொல்லுங்க."

"சங்கத்துல சொல்றேன்."

"உங்க சங்கமா எனக்கு வேல குடுக்குது? ஷிப்ட் உடற நேரத்துல கேட்டாண்ட டீக்கடைல வந்து சொல்லுங்க. மேஸ்திரிங்க எல்லாம் அங்கதான் நிப்பானுங்க. காலைல ரெண்டு டிரெயின் மாறி சாம்பல் துன்னப் போய்க்கினு இருக்கேன். இங்கயே ஒரு வண்டி ஓட்டணும், அவ்ளோதான்."

முதலில் சங்கத்தில்தான் சொன்னேன், அது சுலபம் என்பதால். செயலாளர் கையை விரித்தார். "எனக்கு அப்பவே டவுட்டு சார். நீங்க சொன்னீங்களேன்னு உட்டுட்டேன்." எல்லாருக்கும் அப்பவே டவுட்டு இருந்திருக்கிறது. என்னை ராஜினாமா செய்யச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். பிள்ளையார் கோயில் பக்கம் தெருவிளக்கு எரியவில்லை என்ற அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

டீக்கடைக்கு மறுநாள் மாலை போனேன். சங்கு ஊதியது. நீலச்சட்டைகள் வெளியே கொட்டின. பேச ஆரம்பித்தால் யாரும் திரும்பவில்லை. லாரி சத்தம். வாழ்நாளில் ஒலிபெருக்கி இல்லாமல் நான் பேசியதில்லை. கடைக்காரர்தான் இரக்கப்பட்டு, "இன்னாமோ சொல்றாருப்பா, கேளுங்க" என்று பாத்திரத்தைத் தட்டினார். பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்தார்கள். வெள்ளத்தன்று டிரம் தானாக வந்தது, நான் கண்ணால் பார்த்தேன், அந்த ஆள் எடுக்கவில்லை, எடுத்ததாகப் பேச்சை ஆரம்பித்து வைத்தவன் நான் என்றேன். முழுவதையும் இரண்டாவது முறை சொல்ல வேண்டி வந்தது, முதல் முறை ஒரு லாரி கடந்துவிட்டது.

"உங்களுக்கும் அவனுக்கும் இன்னா சார் தகராறு?" என்று ஒரு மேஸ்திரி கேட்டார்.

"ஒண்ணுமில்லை. அவர் என்னைத் தூக்கிக்கிட்டுப் போனார்."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அந்த மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரைக் கழுவி வைத்தார். "பெயின்ட் கம்பெனில வண்டி ஓட்ட ஆள் கேட்டுக்கினே இருக்கான். வரச் சொல்றேன் அவன. ஆனா நீங்க கூட வந்துடாதீங்க சார், பேஜாராயிடும். அங்க வந்து நீங்க இன்னா கேள்வி கேப்பீங்களோ."

நான் போகவில்லை. அந்த வியாழக்கிழமையிலிருந்து அவர் பெயின்ட் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறார். பழைய சம்பளத்தைவிடக் குறைவு என்று மகள் விசாரித்து வந்து சொன்னாள். காலையில் என் வீட்டைத் தாண்டித்தான் சைக்கிளில் போகிறார். வாசலில் நான் நிற்பது அவருக்குத் தெரிகிறது. மணி அடிப்பதுமில்லை, வேகத்தைக் குறைப்பதுமில்லை.