மாடி வைத்த குடில்

அம்மா இங்கிலாந்துக்கு வேலைக்குப் போயிருக்கிறாள் என்று பள்ளி முழுக்கப் பீற்றி வைத்திருந்தேன். வாட்ஸ்அப்பில் அவள் அனுப்பிய முதல் படத்தைப் பார்த்ததும் மானமே போய்விட்டது. கூரை வீடு. கடலூரில் புயலுக்குப் பயந்து ஆளாளுக்குக் கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் அம்மாவோ விமானம் ஏறிப்போய்க் கூரைக்குக் கீழே படுத்திருக்கிறாள். அந்த வீட்டிலிருந்த வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. படத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

கொத்தனாரான அப்பாவுக்கு அதைப் பார்த்து மாளவில்லை. சுவர் எவ்வளவு கனம், கல்லுக்கு நடுவே என்ன பூச்சு என்று தினமும் போனில் துளைப்பார். அம்மா சாண் போட்டு அளந்து சொல்வாள். சுவர் மூன்று சாண். சுண்ணாம்புக் கலவை. நாணலைக் கத்தை கத்தையாகக் கட்டி மெத்தை கனத்துக்கு வேய்ந்திருந்தார்கள். கூரை வளைந்து இறங்குமிடத்தில், மாடியில் ஒரு குட்டி ஜன்னல்.

"அதாங்க என் ரூமு" என்றாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு, எங்கள் பங்குக் கோயிலின் குடில் போட்டிக்காக அப்பா அதே வீட்டைச் சின்னதாகக் கட்டினார். முதல் பரிசு சைக்கிள். அதற்காகக் கூரை வீட்டைக்கூட நான் மன்னித்தேன். அப்பா கெடிலம் ஆற்றோரம் போய் நாணல் அறுத்து வந்தார். பொடி ஜல்லியாகப் பொறுக்கிச் சுவர் எழுப்பினார். கீழே மாதா, சூசையப்பர், பாலன், ஒரு மாடு. மேலே ஜன்னலுக்குள் ஒரு சின்ன பல்பு.

நடுவர்கள் வருவதற்கு முதல் நாள் மாமா வந்தார். போட்டிக் குழுவில் அவரும் இருந்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது மச்சான். ஆனா மாட்டுக்கொட்டாய்க்கு மாடி ஏது? அந்த ஜன்னல அடைச்சிடு, சைக்கிள் உன் பொண்ணுக்குத்தான்."

"அது இருக்கட்டும் மச்சான்" என்றார் அப்பா.

கெஞ்சினேன், அழுதேன், சாப்பிட மாட்டேன் என்று குப்புறப் படுத்துக்கொண்டேன். அப்பா சோற்றைப் பிசைந்து எடுத்துவந்து ஊட்டினார். ஜன்னலை மட்டும் தொடவில்லை. கொத்தனார் வீம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா சொன்னதையேதான் நடுவர்களும் சொன்னார்கள். சைக்கிள் வேறு தெருவுக்குப் போனது. எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ்.

மறுநாள் மத்தியானம் அம்மா வீடியோவில் வந்ததும் ஒரே மூச்சில் புகார் சொன்னேன்.

"எல்லாம் இந்த ஜன்னலாலதாம்மா போச்சு."

"எங்க, காட்டு."

போனைக் குடில் பக்கம் திருப்பி, பல்பு எரிகிற ஜன்னலுக்குக் கிட்டே கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்தேன். அவள் முகம் அசையாமல் நின்றது. சிக்னல் போய்விட்டது போலிருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன்.