அம்மா வாசித்த செய்திகள்

என் மகள் வீட்டில் இப்போதெல்லாம் சனி, ஞாயிறு மாலைகளில் டிவியை அணைத்துவிடுகிறார்கள். பிள்ளைகளின் கண்ணுக்கும் படிப்புக்கும் நல்லதாம். அணைத்த அரை மணி நேரத்துக்குள் எல்லோரும் முகம் பார்த்துப் பேச ஆரம்பித்து, சண்டையில் வந்து நிற்கிறார்கள். அதுவும் ஒரு பொழுதுபோக்குதான். போன வாரம் தரையில் தாயக்கட்டம் வரைந்துகொண்டிருந்தபோது பேரன் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "டிவி இல்லாம சின்ன வயசுல என்னதான் பண்ணீங்க?" என்றான். ரேடியோ கேட்டோம் என்றேன். "அதுவும் கெட்டுப்போனா?" என்றான். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவனுடைய முறை வந்துவிட்டது. தாயத்தை உருட்டப் போய்விட்டான்.

ரேடியோ கெட்டுப்போன ஒரு மழைக்காலம் எனக்கு இருந்தது. அப்போது எனக்கு எட்டு வயது இருக்கலாம், தம்பிக்கு ஐந்து. கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில், அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. உப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி எல்லாம் கீழேயிருந்து ஆள் தலையில் ஏறி வரும். மிளகும் பலாப்பழமும் அதே தலையில் இறங்கிப் போகும். மலைக்கு அப்போது ரோடு கிடையாது.

எங்கள் ரேடியோவும் அப்படித் தலையில் ஏறி வந்ததுதான். காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டுப் போன ஒருவரிடம் அப்பா வாங்கியிருந்தார். கரண்ட் இல்லாத ஊர் என்பதால் அதற்குச் செங்கல் கனத்தில் ஒரு பேட்டரி. பலாமரத்துக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கம்பி. சாயங்காலம் கடையை எடுத்துவைத்ததும் அப்பா கை கால் கழுவிவிட்டு வந்து பயபக்தியோடு அதைத் திருகுவார். பாட்டு, செய்திகள், நாடகம் என்று எது வந்தாலும் வாயைத் திறந்தபடி கேட்போம். சென்னையில் தக்காளி என்ன விலை விற்கிறது என்பதைக்கூட விடமாட்டோம். சென்னை எந்தத் திசையில் இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மலையில் மழை பிடித்தால் உப்பு கசியும், தீக்குச்சி நமுத்துப்போகும், துணி காயாது. நமுத்துப்போகக் கூடாத எதுவும் மலை வீடுகளில் அடுப்புக்கு மேலே உள்ள பரணுக்குப் போய்விடும். விதைச் சாமை, புளி, மிளகு, அப்பாவின் பட்டு வேட்டி எல்லாம் புகை குடித்தபடி அங்கேதான் கிடக்கும். ஒரு நாள் ரேடியோக்காரரின் குரல் கம்மியது. அப்பா காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பேட்டரி நமுத்துப்போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். அதைக் கழற்றிச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்தார். மலையில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அடுத்தடுத்து இரண்டு நாள் அடுப்பு எரிந்தது. மூன்றாம் நாள் காலையில் தம்பி, "அம்மா, ரேடியோ ஒழுகுது!" என்று கத்தினான். பேட்டரிக்குள்ளிருந்த தார் உருகி, கீழே அடுப்பிலிருந்த களிப்பானையில் சொட்டிக்கொண்டிருந்தது. களியை நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

அன்றிலிருந்து சாயங்காலம் என்பது தாண்ட முடியாத ஒரு பள்ளமாகிவிட்டது. வெளியே மழை, உள்ளே அரிக்கேன் விளக்கு, அலமாரியில் துணி போர்த்திய ரேடியோ. தாயம் ஆடினோம், தோற்கிற நேரம் பார்த்துத் தம்பி கட்டத்தின் மேல் படுத்துக்கொள்வான். விடுகதை போட்டோம், எல்லாவற்றுக்கும் விடை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்பா ஒரு தடவை பாடிக்கூடப் பார்த்தார். மழையே மேல் என்று தோன்றிவிட்டது. தம்பி ரேடியோவின் துணியை விலக்கி அதன் முகத்தைப் பார்த்து அழ ஆரம்பித்தான்.

அம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அழுகை நிற்காததைப் பார்த்து, முறத்திலிருந்த சாமையைக் கூடையில் தட்டிவிட்டு, வெறும் முறத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். முறத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"முள்ளுக்குறிச்சிச் செய்திகள். வாசிப்பது உங்கள் அம்மா."

தம்பியின் அழுகை சட்டென்று நின்றது. அச்சு அசல் ரேடியோக்காரரின் நிறுத்தி நிதானமான தமிழ். ஆனால் அம்மாவுக்கு அது நாலு வரிக்கு மேல் தாங்கவில்லை. "நேற்றுப் பெய்த கன மழையில் ஊர்க்கிணறு நிரம்பி வழிகிறது. கயிறில்லாம வாளியக் கையில புடிச்சே மோந்துக்கலாமுங்க. தெற்குவளவு எருமை கன்று ஈன்றது. கெடேரிக் கன்னுங்க. நெத்தியில வெள்ளச் சுட்டி" என்று தன் பேச்சுக்கு வந்துவிட்டாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மூலையில் உட்கார்ந்து கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்த அப்பாகூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

முள்ளுக்குறிச்சி மலைக்கு அடியில் இருக்கிற ஊர். அம்மா பிறந்த ஊர். அம்மாவின் அப்பாவான அப்புச்சியும், மாமாவும் அங்கே இருந்தார்கள். அதற்கு முந்தைய வருடம் மாமாவுக்குக் கல்யாணம். வீட்டு மருமகனை நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. அப்புச்சிக்கு மூட்டு வலி, மலை ஏற முடியவில்லை. கல்யாண வேலையில் மாமாவுக்கும் ஒழியவில்லை. வெற்றிலை பாக்கை எங்கள் சுமைக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டார்கள். "உப்பு மூட்டையோட சேத்து என்னையும் கூப்புட்டுட்டாங்களா?" என்று அப்பா அந்தத் தட்டைத் தொடவே இல்லை. கல்யாணத்துக்கு அவரும் போகவில்லை, அம்மாவும் போகவில்லை. அதன்பிறகு இந்தப் பக்கத்துக் கால் அந்தப் பக்கம் படவில்லை. போகட்டுமா என்று அம்மா கேட்கவும் இல்லை, போய்விட்டு வா என்று அப்பா சொல்லவும் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மழையைப் போல, கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

முறத்து ரேடியோ தினமும் நடந்தது. விளக்கேற்றியதும் தம்பி முறத்தை எடுத்து வந்து அம்மாவின் மடியில் வைத்துவிடுவான். முதலில் பாட்டு, பிறகு நரி, பன்றி, மரநாய் எல்லாம் வருகிற நாடகம், கடைசியில் செய்திகள். நாடகத்தில் அம்மா பன்றியாக உறுமுவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். பேட்டரி போட்ட ரேடியோவில் அப்படி ஒன்று வந்ததே இல்லை. இன்றைக்கும் மழை விடாமல் பெய்கிற நாட்களில் எனக்கு அந்தக் குரல் வேண்டும் போலிருக்கும். வேண்டும் என்றால் எங்கே போய் வாங்குவது?

நாங்கள் பாட்டுக்கும் பன்றிக்கும் காத்திருப்போம். செய்திகள் வந்ததும் கொட்டாவி விடுவோம். ஆனால் அம்மா செய்திகளைச் சீக்கிரம் முடிப்பதில்லை. வர வர அதுதான் நீண்டுகொண்டே போனது.

"முள்ளுக்குறிச்சியில சீரகச்சம்பா சோறாக்குற ஊட்டுல, பெரியவருக்கு ராத்திரியெல்லாம் இருமலுங்க. மலைத்தேன் ரெண்டு சொட்டு நாக்குல வெச்சா நிக்குமுன்னு வைத்தியரு சொல்லீட்டாருங்க. மலையில பொண்ணு இருந்தும் தேனுக்குப் பஞ்சமான்னு ஊருல சிரிக்கிறாங்க."

முறத்துக்குப் பின்னால் முகம் தெரியாது. சாக்குத் தைத்துக்கொண்டிருந்த கோணி ஊசி நின்றுவிட்டிருந்தது. அப்பா எங்களைப் பார்த்து, "ஏங் கண்ணு, உங்க ரேடியோவுக்கு இதெல்லாம் ஆரு வந்து சொல்றாங்க?" என்றார்.

"மழைக்கு ஒதுங்குன காக்கா சொல்லுச்சுங்க" என்றது முறம்.

அப்பா மறுபடியும் தைக்க ஆரம்பித்தார். ஆனால் மறுநாளும் செய்தி நேரத்தில் அவர் எழுந்து போகவில்லை. அதற்கு மறுநாள் அவராகவே, "மழை எப்ப உடும்னு கேளு சாமி உங்க ரேடியோவ" என்றார் தம்பியிடம். முறம் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது. பிறகு, "வெள்ளிக்கிழமை வெட்டாப்பு உட்டுருமுங்க. பாதை வழுக்கும். ஆனா எறங்கோணும்னு நெனைக்கிறவங்க எறங்கலாமுங்க" என்றது. குரலில் விளையாட்டே இல்லை. ரேடியோ அறுவையாகிவிட்டது என்று எனக்குச் சலிப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நிஜமாகவே வானம் வெளுத்தது. அப்பா விடியற்காலையிலேயே குளித்து, புகை வாசனை அடிக்கிற பட்டு வேட்டியைப் பரணிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டார். "கீழ போயிட்டு வாரேன்" என்றார். எங்கே என்று சொல்லவில்லை. போகிறவரை எங்கே என்று கேட்கிற வழக்கமும் எங்கள் வீட்டில் இல்லை. அம்மா ஒரு புட்டி நிறையத் தேனும் ஒரு சீப்பு மலைவாழைப் பழமும் வைத்து அவருடைய பையைக் கட்டிக்கொடுத்தாள். ஊருக்கு வெளியே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று முள்ளுக்குறிச்சிக்கு, இன்னொன்று சேந்தமங்கலத்துக்கு. அன்றைக்கு அம்மா வீடு மெழுகினாள், எனக்குத் தலை பின்னிவிட்டாள், பகலிலேயே எங்களுக்குப் பன்றி நாடகம் போட்டாள். அம்மாவை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

மறுநாள் மாலை அப்பா வந்தார். தோளில் ஒரு புதுப் பேட்டரி.

"சேந்தமங்கலத்துக் கடையில அடுத்த வாரந்தான் வரும்னுட்டான். தேன் புட்டிய எடுத்து வெச்சேன் பாரு, உள்ள போயி வேற ஒருத்தருக்கு எடுத்து வெச்சிருந்தத எடுத்தாந்து குடுத்துட்டான்" என்றார். சாமர்த்தியத்தைச் சொல்லிக் காட்டுகிற பெருமை முகத்தில். அம்மாவைப் பார்த்து, "இனி நீ தொண்டை வலிக்கக் கத்த வேண்டியதில்ல" என்றார்.

அப்பாவுக்கு விளங்கவில்லையா, விளங்கியும் அந்தப் பாதை பிரிகிற இடத்தில் கால் வரவில்லையா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பேட்டரி வாங்கப் போகிறவர் உண்டா? அம்மா தன் வாயால் நேராக ஒரு முறை கேட்டிருக்கலாம். அவர் நேராக ஒரு முறை பதில் சொல்லியிருக்கலாம். முறம் இருந்ததால்தான் அம்மாவால் அவ்வளவாவது பேச முடிந்தது.

அன்று மாலை ரேடியோ பாடியது. நானும் தம்பியும் குதித்தோம். அம்மா அடுப்படியில் இருந்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று அப்பா சத்தத்தைக் கூட்டிவைத்தார். "கேக்குதா?" என்று இங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"கேக்குதுங்க" என்றாள் அம்மா.

அதன்பிறகு முறம் சாமை புடைக்க மட்டும்தான் பயன்பட்டது. பாட்டு முடிந்த பிறகு பன்றி நாடகம் போடச் சொல்லி நான் கேட்டுப் பார்த்தேன். "அதான் நெசமான ரேடியோ வந்திருச்சே கண்ணு" என்று சொல்லிவிட்டாள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் சுமைக்காரர் மூட்டை இல்லாமல் வெறுந்தலையோடு ஏறி வந்து, அப்புச்சி போய்விட்டார் என்றார். கல்யாணத்துக்குத்தான் நேரில் வந்து அழைக்க வேண்டும். சாவுக்கு ஆள் வந்து சொன்னால் போதும். அப்பா உடனே கடையைச் சாத்தினார். தம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு அவர்தான் முன்னால் இறங்கினார். பாதை பிரிகிற இடத்தில் அன்றைக்கு நிற்கவே இல்லை.

முள்ளுக்குறிச்சியில் வாசல் நிறையப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு நடுவில் போய் விழுந்தாள். நான் அதற்கு முன்னால் சாவு வீட்டைப் பார்த்ததில்லை. முதலில் பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்து, குரலை இழுத்துப் பாட ஆரம்பித்தாள்.

"மலையெல்லாம் மழை பேஞ்சு மாசமொண்ணாப் போச்சுதய்யா,
தேனெடுத்து வெச்சிருந்தேன், தெசைமாறிப் போச்சுதய்யா..."

ஒன்று விடாமல் சொன்னாள். மூடிக்கொண்ட மழை, ஊர்க்கிணறு, சுட்டிக் கன்று, ராத்திரி இருமல், வெள்ளிக்கிழமை விட்ட வெட்டாப்பு. ஆண்கள் பக்கம் நின்றிருந்த அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் ஏன் திரும்பினார் என்று நான் யோசிக்கவில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் எத்தனையோ நாளாகக் கேட்காத அந்தக் குரல்தான். தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெண்களுக்கு நடுவே புகுந்து போய், அம்மாவுக்கு நேர் எதிரே அவனைச் சப்பணம் போட்டு உட்காரவைத்தேன். "அழாம கேளு, நம்ம ரேடியோ மறுபடியும் வந்திருச்சு" என்று அவன் காதில் சொன்னேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.