கோபன்ஹேகனுக்குப் போன ரூலிப் பெண்

"களகளகள... கர்ர்ர்... க்ளுக்!"

குளியலறைக்குள் ப்ரேபென் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். கூடத்துச் சோபாவில், மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல், மடியில் கேக் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்த குன்வோர் அந்த ஓசைக்கும் ஒருமுறை உரக்கச் சிரித்து வைத்தாள். யார் கண்டது, அதுவும் அவர் அடிக்கிற ஜோக்காக இருக்கலாம்.

அவள் சிரித்துப் பழகியவள் அல்ல. ஸ்வீடனில் ஆல்வெஸ்டா என்ற சிற்றூரின் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு வேகவைத்தே தலை நரைத்தவள். கணவர் போனபின் அவள் வீட்டில் அவளைவிடக் குழாய்தான் அதிகம் பேசியது. போன கோடையில் ஒரு பஸ் சுற்றுலாவில் பக்கத்து இருக்கையில் வந்து அமர்ந்தார் ப்ரேபென். கோபன்ஹேகன்காரர், மனைவியை இழந்தவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அன்றிலிருந்து வாரம் ஒரு டெலிபோன். அவர் டேனிஷில் பேசுவார், இவள் ஸ்வீடிஷில் பேசுவாள். இரண்டும் அக்கா தங்கை மொழிகள்தான். ஆனால் டேனிஷ்காரர்கள் வாயில் சுடச்சுட உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவார்கள் என்பது ஸ்வீடன் முழுக்க அறிந்த உண்மை. பாதிதான் புரியும். மீதியை அவள் இதயம் நிரப்பிக்கொள்ளும்.

இதயம் நிரப்பியதில்தான் வினை வந்தது.

"இந்த வயசுல எனக்கு வேற என்ன வேணும் குன்வோர்? பக்கத்துல உக்கார ரூலியா ஒரு பொம்பள. அவ்வளவுதான்" என்று ஒருநாள் சொன்னார் ப்ரேபென்.

ரூலி! அவள் மொழியில் அதற்குச் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஆள் என்று பொருள். அன்று அவள் தலையணை நனைந்தது. ஜோக் சொல்லத் தெரியாத பாவிக்கு இந்த ஜென்மத்தில் இனியொரு துணை உண்டா? மறுநாளே சமையற்கட்டுத் தோழிகளைப் பிடித்து ஜோக்குகள் கற்றாள். கொதிக்கிற உருளைக்கிழங்குகளிடம் சொல்லிப் பார்த்தாள். அவை சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஃப்ரோகோஸ்ட் சாப்பிட வாங்க" என்று அழைப்பும் வந்தது. அவளுக்கு அந்த வார்த்தை காலைச் சாப்பாடு. முதல் ரயிலைப் பிடித்து, கடல் பாலம் தாண்டி, சர்ச் மணி அடிப்பதற்கு முன்பே கோபன்ஹேகனில் அவர் வீட்டு மணியை அடித்துவிட்டாள். ப்ரேபென் பைஜாமாவும் ஒற்றைச் செருப்புமாக வந்து கதவைத் திறந்தார்.

இப்போது குளியலறையிலிருந்து முகத்தைத் துடைத்தபடி வந்தார். அவர் உட்காருவதற்குள் குன்வோர் ஆரம்பித்துவிட்டாள்.

"நார்வேக்காரன் ஒருத்தன் ஏணியைத் தூக்கிக்கிட்டுக் கடைக்குப் போனானாம். ஏன் தெரியுமா? வெலையெல்லாம் ரொம்ப மேல ஏறிடுச்சாம்! ஹஹ்ஹஹ்ஹா!"

"ஓ" என்றார் ப்ரேபென். "காப்பி போடட்டுமா?"

"காப்பின்னதும் ஞாபகம் வருது! ஒரு பாதிரியார் மாட்டுக்குக் காப்பி குடுத்தாராம்..."

மாடு போலக் கத்தியும் காட்டினாள். அவர் முகம் சுருங்கச் சுருங்க அவள் குரல் உயர்ந்தது. இரண்டாவது மாட்டுக்கு ப்ரேபென் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"காலமெல்லாம் பஸ் ஓட்டினேன். முதுகுக்குப் பின்னாடி பேச்சு, பேச்சு, பேச்சு! நீங்க வேற மாதிரின்னு நெனச்சேனே! அந்தச் சுற்றுலாவுல எவ்வளவு ரூலியா இருந்தீங்க! இன்னிக்குக் கொஞ்சம்கூட ரூலியா இல்லையே!"

"சுற்றுலாவுல நான் வாயே தொறக்கலியே!"

"அதைத்தாம்மா சொல்றேன்!"

குன்வோரின் நெஞ்சில் இடி விழுந்தது. வாயைத் திறக்காமலே சிரிப்பாக இருந்தாளா?

"அப்ப என் மூஞ்சியே உங்களுக்குச் சிரிப்பாப் போச்சா?" எழுந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கேக் மூடிமேல் உதிர்ந்தது. "கேக்கை எடுத்துட்டுப் போறேன். மத்தியான ரயிலுக்கு ஸ்டேஷன்லயே உக்காந்துக்கறேன்."

அப்போது வாசல் மணி அலறியது. பக்கத்து வீட்டு கெர்ஸ்டின், தலையில் சுருட்டைக் கிளிப்புகளோடு நின்றாள். கோபன்ஹேகன்காரரைக் கட்டிக்கொண்டு வந்த ஸ்வீடன் பெண்.

"ஏம்ப்பா ப்ரேபென், ஞாயித்துக்கிழமையும் அதுவுமா வீட்டுக்குள்ள மாடு வளக்கிறியா?"

தாய்மொழி காதில் பட்டதும் குன்வோர் அவள் தோளில் விழுந்து கதறினாள். "நான் ரூலியா இல்லையாம் அக்கா! என் மூஞ்சிதான் ரூலியாம்!"

கெர்ஸ்டின் அவளைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடி பைத்தியமே! இவங்க ஊர்ல ரூலின்னா அமைதியான ஆளு. நானும் மாட்டினவதான். மாமனார் சாவுல 'ரூலியா இரு'ன்னு மாமியார் சொன்னாங்க. நான் ஆடிக் காட்டினேன்! ஃப்ரோகோஸ்ட்டுன்னா இங்க மத்தியானச் சாப்பாடு. மனுஷன் பாவம், பைஜாமாவோட நிக்கிறாரு பாரு."

ப்ரேபென் மெதுவாகக் கேட்டார்: "அப்ப உங்களுக்கு ஜோக் சொல்லப் பிடிக்குமா?"

"சுத்தமாப் பிடிக்காது."

"பேசிக்கிட்டே இருக்க?"

குன்வோர் தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை என்று.

ப்ரேபென் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். அவள் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அதில் உட்கார்ந்தாள். இருவரும் ஜன்னல் வழியே கூரைகளைப் பார்த்தார்கள். யாராவது ஏதாவது சொல்வார்களென்று கெர்ஸ்டின் காத்து நின்றாள். யாரும் சொல்லவில்லை. தானே கேக்கில் ஒரு பெரிய துண்டை வெட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"அந்த ஏணி ஜோக்கை மட்டும் இனிமே எடுக்காதடி. சுவருக்கு அந்தப் பக்கம் எனக்கே தாங்கல."

கெர்ஸ்டின் வெளியே போய், கதவை மெல்ல, மிகவும் ரூலியாகச் சாத்தினாள்.