பூமயில் டீச்சரின் போன்

பூமயில் திருவாடானைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். எங்கள் கடற்கரைப் பள்ளிக்கு இங்கிலீஷ் டீச்சராக வந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த ஊரில் யார் யாருக்குக் கொழுந்தன், யார் யாருக்கு ஞானத்தாய் என்று நான் வரிசையாகச் சொல்வேன். அவள் வழியில் மட்டும் ஒரு நூலும் பிடிபடவில்லை. அப்படிப்பட்டவளை நம்புவது லேசா?

அதிலும் அவள் போனை வைத்துப் பாடம் நடத்தினாள். பிள்ளைகள் அதில் இங்கிலீஷில் பேசிப் பதிய வேண்டும். அவள் அதை வீட்டில் போய்க் கேட்டு, மறுநாள் வகுப்பில் ஸ்பீக்கரில் போட்டுத் திருத்துவாள். போன மாதம் ஒரு கேள்வி கொடுத்தாள்: ‘நேற்று உன் அப்பா எங்கே போனார்?’

அதே வாரம் மரியதாஸின் படகை அதிகாரிகள் கரையிலேயே மடக்கினார்கள். ஐஸ் பெட்டிகளுக்கு அடியில் ஒளித்திருந்த இரட்டைமடியை, அந்தத் தடைசெய்த வலையை, தேடாமலே நேராகக் கைவைத்து எடுத்தார்கள். யாரும் சொல்லாமல் தெரியுமா?

மரியதாஸ் என்னோடு சேர்த்து ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார்.

“டீச்சர், எங்க பிள்ளைக வாயைக் கிண்டி யாருக்கு அனுப்புறீக? எல்லாத்தையும் இப்பப் போட்டுக் காட்டுங்க. இல்லன்னா நாளையிலருந்து ஒரு பிள்ளை இங்கன வராது.”

பூமயில் முகம் சுண்டிப்போனது. “இது பாடம்ணே. கேளுங்க, நானே அர்த்தம் சொல்றேன்.”

“நீங்க சொல்ல வேணாம். ஏலே டென்னிசு, நீ சொல்லு.”

எங்களோடு வந்த டென்னிஸ் துபாயில் நாலு வருஷம் இருந்தவன்.

“அங்கன இவன் பேசுனது மலையாளம்ல!” என்றார் பின்னால் ஒருத்தர்.

முதல் குரல் மரியதாஸின் மகள் அனிட்டா. டென்னிஸ் காதைச் சாய்த்தான். “நேத்து எங்கப்பா வீட்டுல தூங்குனாக.”

அடுத்த பிள்ளையின் அப்பாவும் தூங்கினார். அதற்கடுத்ததும் தூக்கம். முப்பத்திரண்டு பிள்ளைகள், முப்பத்திரண்டு தூக்கம்.

“ஒன்னைப் பாத்து ஒன்னு காப்பியடிச்சிருச்சுகன்னு எல்லாரையும் ஏசிப்புட்டேனே” என்றாள் பூமயில்.

காப்பி இல்லை. அப்பா எங்கே என்று அசலார் கேட்டால் ‘தூங்குறாக’ என்றுதான் சொல்லணும். பேச்சு வந்ததுமே நாங்கள் பிள்ளைக்குப் பழக்குவது அது. இங்கிலீஷிலும் அதையே சொல்லியிருக்கிறார்கள்.

“பிள்ளைக வரும் டீச்சர்” என்றார் மரியதாஸ். சிரிக்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பினார். “அப்ப, வலை எங்கன இருந்துச்சுன்னு யாருக்கெல்லாம் தெரியும்?”

கூட வந்த எங்கள் ஏழு பேருக்கும் தெரியும். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.