கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை

குண்டுவீச்சு விமானப் பிரிவு ஒன்றின் வரலாற்றை நான் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் சிங்கள ஆசிரியை இரவல் தந்தார். அவருடைய அண்ணன் அந்தப் பிரிவில் மெக்கானிக்காக இருந்தவராம். நான் பனிச்சங்கேணியில் பிறந்தவள் என்று தெரிந்ததும், பார்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம் என்று தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார்.

செங்கல் கனம், வழுவழுத் தாள். விமானிகள் எல்லோரும் சிரிக்கிறார்கள். முகாமில் வளர்ந்த நாய்க்குக்கூட ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாயின் மேல் என்ன கோபம், பாவம்.

நான் தேடியது ஒரேயொரு நாளை. அப்பாவின் மரண அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ள நாளை.

பொம்மர் வந்து குண்டு போடும் காலத்தில் எங்கள் ஊரில் ஒரு சட்டம் இருந்தது. வெள்ளைத் துணி வெளியில் காயக்கூடாது. மேலே இருப்பவனின் கண்ணில் வெள்ளைதான் முதலில் படும் என்று நம்பினோம். வேட்டி, தலையணை உறை, பள்ளிச் சட்டை எல்லாம் வீட்டுக்குள்ளேயே காய்ந்தன. ஈர நாற்றத்தோடுதான் பள்ளிக்குப் போவோம். இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் இறங்குவோம். முற்றத்தில் அப்பா வெட்டிய குழி அது, மேலே பனங்குற்றிகளும் மண் மூட்டைகளும் போட்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சட்டத்தை மீறினேன். மூன்று நாளாக வெயில் இல்லை. என்னிடம் இருந்த ஒரே பள்ளிச் சட்டை உள்ளே காயாமல் கிடந்தது. காற்றாவது படட்டும் என்று வாவிப் பக்கம் இருந்த கொடியில் போட்டுவிட்டேன். பின்னேரம் பொம்மர் இரைந்தது. நான் பங்கரின் மூலையில் காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். அப்பா வாசலில் நின்று அம்மாவிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. பிறகு கொடியை நோக்கி ஓடினார். குண்டு வாவிக்கரையில் விழுந்தது. நாங்கள் வெளியே வந்தபோது அப்பா கொடிக்குக் கீழே கிடந்தார். சட்டை அவர் கையில் சுருட்டியபடி இருந்தது.

அம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அந்த மௌனம்தான் என்னைக் கொன்றது. இப்போது அவர் கல்லடியில் என்னோடுதான் இருக்கிறார். ஆனாலும் ஒருநாளும் அந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததில்லை. நான் வெள்ளைச் சேலை கட்டுவதில்லை. ஏன் என்று அவரும் கேட்டதில்லை.

அந்த நாள் புத்தகத்தில் இருந்தது. நான்கே வரி. மேகம் அடர்ந்திருந்ததால் தரை தெரியவில்லை, கருவிகளின் கணக்கை வைத்தே குண்டுகள் போடப்பட்டன, விமானங்கள் பத்திரமாகத் திரும்பின என்று எழுதியிருந்தார்கள். தரை தெரியவில்லை என்றால் என் சட்டையும் தெரிந்திருக்காது. முப்பது வருஷத்துக்கு மேலாக நான் சுமந்தது என் குற்றமே இல்லை. வாய்விட்டு அழுதேன்.

அம்மா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் இருந்து அந்த நான்கு ஆங்கில வரியையும் தமிழில் சொன்னேன். என் சட்டையைப் பார்த்து அவர்கள் குண்டு போடவில்லை, அப்பா வீணாகத்தான் ஓடியிருக்கிறார் என்றேன்.

அம்மா கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வானம் மூடிக்கிடந்தது எனக்குத் தெரியுந்தானே மகள். அவர் பொம்மருக்குப் பயந்து ஓடல்ல. மழை தூறத் தொடங்கிட்டு. சத்தம் தூரத்திலதானே கேக்குது, சட்டை நனைஞ்சா புள்ள நாளைக்குப் பள்ளிக்குப் போகமாட்டாள் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

ஏன் இத்தனை வருஷமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ பள்ளிக்கூடப் பக்கமே போயிருக்கமாட்டாய்."

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். காலைக் கூட்டத்துக்குப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு வரிசையில் நின்றார்கள். தேவாரம் தொடங்கவேண்டியது நான். ஒவ்வொரு சட்டையும் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.