வாத்துக்கு வைத்த பேனர்

திருமலை ஊரை விட்டுப் போனது புரட்டாசிப் பௌர்ணமி அன்று. கிரிவலக் கூட்டம் செங்கம் ரோட்டை அடைத்துக்கொண்டு மேற்கே நகர்ந்துகொண்டிருக்க, அவன் மட்டும் கூட்டத்துக்கு எதிராக பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான். "யோவ், சாமியச் சுத்துற வழியில எதிர்ல வர்றியே, அறிவில்ல?" என்று கத்திய ஒருவர், அவன் இடது காதிலிருந்து ரத்தம் வழிந்து சட்டைக் காலரை ஊறவைத்திருப்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு விலகினார். அவன் தோளில் ஒரு மூட்டை. துணிப் பையைத்தான் அக்கா சாக்கடையில் வீசிவிட்டாளே. கைக்குக் கிடைத்த இரண்டு சட்டையையும் லுங்கியையும் ஏதோ ஒரு வெள்ளை ஷீட்டில் சுருட்டிக் கயிறு கட்டியிருந்தான்.

அந்தக் காதை உடைத்தவள் அறிவுமதி. அவனுடைய ஒரே அக்கா.

வேங்கிக்கால் பக்கத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருந்த ராமனுக்குப் பிறந்தவர்கள் இருவரும். ராமன் மாட்டை அடித்த கயிற்றாலேயே பிள்ளைகளையும் அடிப்பார். ஒருநாள் அறிவுமதி அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். அவர் வரப்பில் விழுந்து முன்பல் போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடி விழவில்லை. ஆனால் அடித்தால்தான் அடி நிற்கும் என்று அவள் மனசில் விழுந்துவிட்டது. ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்தபோது கிண்டல் செய்தவனின் கையில் சூடான சால்டரிங் அயர்னை வைத்தாள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் கன்னத்தில் அறைந்தான். அவள் பதிலுக்கு மிக்ஸி ஜாரை எடுத்தாள். அவனுக்கு நெற்றியில் தையல், இவளுக்குப் பிறந்த வீடு.

அப்பா செத்த பிறகு அக்காவும் தம்பியும் ஆசிரமம் பக்கத்தில் ஒரு சந்தில் கடை போட்டார்கள். அவள் இன்வெர்ட்டர், மோட்டார் போர்டு எல்லாம் பார்ப்பாள். அவன் கெஸ்ட் ஹவுஸ்களில் நீச்சல் குளம் சுத்தம் செய்யப் போவான். வெள்ளைக்காரர்கள் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு அப்படியே குளத்தில் குதித்துவிடுவார்கள். தண்ணீர் மேல் எண்ணெய் ஆடையாய்ப் படியும். ஃபில்டர் மணல் களியாகி, பம்பு திணறி, போர்டு எரியும். எரிந்த போர்டு அவளிடம் வரும். தினமும் இதே கதை.

ஒருநாள் குளத்தங்கரையிலேயே இருவருக்கும் சண்டை. எதற்கென்று இருவருக்குமே பிற்பாடு ஞாபகமில்லை. சாய்வு நாற்காலியில் கிடந்த தலையணையை அவள் எடுத்து அவன் மூஞ்சியில் அடித்த அடியில் உறை கிழிந்து, இலவம்பஞ்சு மொத்தமும் குளத்தில் கொட்டியது. வலை போட்டு அள்ளப்போன திருமலை நின்றுவிட்டான்.

"அக்கா, இங்க பாரேன். பஞ்சு தண்ணிய குடிக்கல. எண்ணெய மட்டும் குடிக்குது."

அவள் குனிந்து பார்த்தாள். பஞ்சு கிடந்த இடத்தில் தண்ணீர் கண்ணாடியாய்த் தெளிந்திருந்தது.

அந்தப் பஞ்சிலிருந்து பிறந்ததுதான் வாத்து. முறம் அளவு வலைப்பை, உள்ளே இலவம்பஞ்சு, மேலே ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா. எண்ணெய் குடித்துக் குடித்துப் பை கனத்துக் கீழே இறங்கும். இறங்கியதும் டப்பாவின் அடியில் நீட்டியிருக்கும் இரண்டு கம்பிகள் தண்ணீரைத் தொடும். தொட்டதும் தலையில் சிவப்பு லைட் எரியும், பஸ்ஸர் கத்தும். பஞ்சை மாற்றி மறுபடி விடலாம். மாதக்கணக்கில் கட்டிப் பிரித்து, ஷாக் அடித்து, மூன்று விரல் தீய்ந்து அவள் செய்தது. சரியாக வேலை செய்த அன்று அவள் குளத்தங்கரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது திருமலை பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அவன் சந்தோஷத்துக்கு அளவில்லை. இந்த ஊரில் காதுகுத்துக்கு பேனர் உண்டு, பைக் வாங்கினால் பேனர் உண்டு. அக்கா ஒரு மிஷினையே கண்டுபிடித்திருக்கும்போது சும்மா இருப்பானா? ஆயுத பூஜைக்கு வாத்துக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தான். சந்து முனையில் ஒன்று, ஆசிரமம் ஸ்டாப்பிங்கில் ஒன்று, இரண்டு பேனர். 'எங்கள் அக்கா அறிவுமதி கண்டுபிடித்த எண்ணெய் குடிக்கும் வாத்து' என்று கொட்டை எழுத்து. அதன் கீழே அவள் கையால் வரைந்த படம் பெரிதாக. பஞ்சு எங்கே, கம்பி எங்கே, லைட் எங்கே என்று அம்புக்குறியோடு. ஓரத்தில் கூலிங் கிளாஸ் போட்ட கூட்டாளிகள். அடியில் பூஜைத் தேதி, அச்சடித்த கடையின் பெயர்.

தெருவே நின்று பார்த்தது. ரிசார்ட் மேனேஜர் அன்பரசன் காரை நிறுத்தி, இறங்கி, கிட்டே போய் படம் பிடித்துக்கொண்டு போனான். அறிவுமதிக்கே உள்ளுக்குள் பெருமைதான்.

பேட்டன்ட் வாங்க சென்னைக்குப் போனபோதுதான் இடி விழுந்தது. அந்த வேலை பார்க்கும் கீர்த்தனா என்ற சின்னப் பெண் வக்கீல் முதல் கேள்வியே இதைத்தான் கேட்டாள்: "விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி இதை வெளியில யாருக்காவது காட்டியிருக்கீங்களா?"

"காட்டினா?"

"ஊரே பாத்துட்டா அது புதுசு இல்லன்னு ஆயிடும். பேட்டன்ட் கிடைக்காது."

"யாருக்கும் காட்டலம்மா" என்றாள் அறிவுமதி. சொல்லும்போதே பற்களை நறநறவென்று கடித்தாள்.

திரும்பி வந்து இறங்கியது அந்தப் பௌர்ணமி நாளில். சந்து முனை பேனரைக் கம்பத்தோடு சாய்த்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். பிளாஸ்டிக் உருகிச் சொட்டிய தீயைத் தாண்டி டீக்கடைக்குப் போய், கடைக்காரி கன்னியம்மாள் கையிலிருந்த போனைப் பிடுங்கி, பேனர் படத்தை அழித்தாள். தர மறுத்த ஆட்டோக்காரரின் போனைத் தரையில் அடித்தாள். அச்சடித்த கடையில் ஃபைலை அழிக்கச் சொன்னாள். கடைக்காரன் முழித்ததும் மானிட்டரைக் கவிழ்த்தாள்; அவன் பயந்து அழித்தான். கடைசியாகத் தன் கடைக்கு வந்தாள்.

திருமலை குளம் தேய்க்கும் பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஸ்டாப்பிங் பேனர் எங்கடா?"

"கயட்டிட்டேன்க்கா. மழ வர்ற மாதிரி இருந்துச்சு."

"எரிச்சியா?"

"இன்னாத்துக்கு எரிக்கணும்? எவ்ளோ ஆசையா போட்டேன்..."

அவள் பிரஷைப் பிடுங்கினாள். நீளமான அலுமினியக் கம்பு. முதல் அடி தோளில், அடுத்தது கையில். "ஊருக்கே காட்டிக் குடுத்துட்டியேடா, நாயே! என் ரத்தத்த வித்துட்டியேடா!" அவன் ஓடவில்லை, கையைத் தூக்கவுமில்லை. "உனக்குதான போட்டேன், உம் பேரதான போட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அந்தச் சொல்தான் அவளை இன்னும் வெறியாக்கியது. கம்பின் முனை காதில் பட்டது. பானை உடைவது போல ஒரு சத்தம்.

அவன் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தான். "கிழிச்சிப் போட்டுட்டேன் போ" என்று மட்டும் சொன்னான். பிறகு எழுந்து துணிப் பையை எடுக்க, அவள் அதைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசினாள்; கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு அவன் போனான். அவள் தடுக்கவில்லை. கம்பில் ஒட்டியிருந்த ரத்தத்தை ஹோஸ் பைப்பால் கழுவிக்கொண்டிருந்தாள்.

விண்ணப்பம் போனது. ஒன்றன்பின் ஒன்றாகக் குளங்களில் வாத்து இறங்கியது. தம்பியின் நம்பர் அணைந்தே கிடந்தது. ஓசூரில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், பெங்களூரில் என்றார் இன்னொருவர். அவள் போய்த் தேடவில்லை. ஆனால் குளம் தேய்க்கும் வேலைக்கு வேறு ஆள் வைக்கவுமில்லை. அந்தக் கம்பை அவளே தூக்கினாள்.

கொரோனா வந்து ஊர் அடங்கித் திறந்த பிறகு ஒருநாள் கீர்த்தனா கூப்பிட்டாள். "மேடம், உங்களுக்கு முன்னாடியே ஒரு சென்னைக் கம்பெனி இதையே போட்டிருக்காங்க. பஞ்சு, கம்பி, லைட்டு, எல்லாமே. ஒன்றரை வருஷம் கழிச்சுதான் விண்ணப்பம் வெளிய தெரியும். அதான் இப்ப தெரியுது. அவங்களுக்குக் கிடைச்சிட்டா நீங்க ஒரு வாத்து கூடச் செய்ய முடியாது."

அறிவுமதிக்குக் கார் ஞாபகம் வந்தது. காரிலிருந்து இறங்கிய அன்பரசன் ஞாபகம் வந்தது.

"திருடினதும்மா அது."

"நிரூபிக்கணும். அவங்க தேதிக்கு முன்னாடியே இது எல்லாரும் பாக்கற மாதிரி எங்கயாவது வந்திருந்தா அவங்களது செல்லாது. உங்களதும் செல்லாதுதான். ஆனா யாரும் உங்களத் தடுக்க முடியாது. ஒரு நோட்டீஸ், ஒரு போட்டோ, ஏதாவது இருக்கா?"

அவள் காதுக்குள் பிளாஸ்டிக் உருகிச் சொட்டும் சத்தம் கேட்டது.

கன்னியம்மாளிடம் போய் நின்றாள். "யக்கா, அந்த பேனர் போட்டோ யார்கிட்டனா இருக்குமா?"

கன்னியம்மாள் வடிகட்டியை ஓங்கி வைத்தாள். "என் கைய முறிக்காத கொறயா போனப் புடுங்கி அழிச்சவ யாருடி? இப்ப அதே படத்த எங்கிட்ட கேக்க வந்துட்டா! போயி சாம்பலக் கேளு!" பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆட்டோக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தரையில் துப்பினார்.

கம்பெனிக்குப் பேட்டன்ட் கிடைத்தது. அடுத்த மாதமே அன்பரசன் அதன் ஏஜென்ட் ஆனான். அவன் ரிசார்ட் குளத்திலிருந்து அவள் வாத்துகளை அள்ளிக் குப்பை வண்டியில் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினாள். குளத்தில் நீல நிறத்தில் புது வாத்துகள் மிதந்தன. அவளுடையதைவிட அழகாக, கண்ணும் மூக்கும் வைத்து.

"கேஸ் போடு போ" என்றான் அன்பரசன். "பேனர் வெச்சு எனக்குக் கத்துக் குடுத்த உன் தம்பிக்கு ஒரு கும்பிடு போட்டேன்னு சொல்லு. எங்க, செவுடனாமே இப்ப?"

அவள் பாய்ந்தாள். அவனைக் கழுத்தைப் பிடித்துக் குளத்தில் தள்ளி, தானும் விழுந்து, தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினாள். சிவப்பு லைட்டுகள் எரிந்து பஸ்ஸர்கள் கத்தின. ஆட்கள் முடியைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவன் கையைக் கடித்தாள், சதை வாயில் வந்தது. கரை விளிம்பில் அவள் வலது கையை வைத்து ஒருவன் பூட்ஸ் காலால் மிதித்தான். மறுபடியும் மிதித்தான். விரல்கள் முறிவதை அவள் கேட்டாள். அதே சத்தம். பானை உடைவது போல.

அப்போதுதான் அவள் கத்துவதை நிறுத்தினாள். தம்பி ஏன் அன்றைக்குக் கையைத் தூக்கவில்லை என்று, மிதி வாங்கிக்கொண்டே, முதல் முறையாக யோசித்தாள்.

கொலை முயற்சி என்று வழக்கு. வேலூர் ஜெயிலில் சில வாரம், பிறகு ஜாமீன். கட்டு பிரித்தபோது இரண்டு விரல்கள் மடங்கியே நின்றன. இடது கையால் சால்டர் பிடிக்கப் பழகினாள். வாத்து செய்தால் இன்னொரு வழக்கு என்பதால், பஞ்சு மூட்டைகள் கடை மூலையில் தூசி படிந்து கிடந்தன. அவற்றை விற்கச் சொன்னவரைத் திட்டக்கூட இல்லை. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

கீர்த்தனா கடைசியாகச் சொன்னது ஒன்றுதான்: பேட்டன்ட் கிடைத்த ஒரு வருஷத்துக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் போடலாம். கார்த்திகை தீபத்தோடு அந்தக் கெடு முடிகிறது.

தீபத்துக்குக் கொடியேறிய அன்று, கடைக்கு வெளியே ஜனம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தபோது, தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. தகரக் கொட்டகையின் உள்கூரை. ஒழுகாமல் இருக்க ஒரு பேனரை விரித்துக் கட்டியிருக்கிறது. வெயிலில் நிறம் வெளுத்திருந்தாலும், கூலிங் கிளாஸ் பையன்களும், அம்புக்குறிகளும், 'எங்கள் அக்கா' என்ற கொட்டை எழுத்தும், அடியில் பூஜைத் தேதியும் அப்படியே இருந்தன. வெள்ளை முதுகுப் பக்கத்தில், மூட்டை கட்டிய கயிற்றின் தடம் தெரியும்படி இன்னொரு படம்.

அவற்றின் கீழே எழுதியிருந்தது:

"நம்ம ஊரு பையன் ஒருத்தன் எல்லாம் சொன்னான். நான் கிழிக்கல. உங்கிட்டருந்து எடுத்துனு வந்தது இது ஒண்ணுதான், படுத்தா மேல பாத்துனே தூங்குவேன். நாளைக்கு அவுத்து எடுத்துனு மெட்ராஸ் வரேன். வக்கீலம்மா கிட்ட எங்க வேணா கையெழுத்து போடுறேன். நீ அங்க வராத. போன் பண்ணாத, அந்தக் காது கேக்கறதில்ல. வாத்த செய்யி."