நடப்பது காக்கா, குதிப்பது தங்கை

அதிராம்பட்டினத்தைச் சுற்றியுள்ள விவசாயிகளில் ஃபஹ்மிதாவின் வீட்டு முன்னறைக்கு வராதவர்கள் குறைவு. பட்டா, சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீடு என்று எதற்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வருவார்கள். கடைமடைக்குக் காவிரித் தண்ணீர் வந்து சேர்வதற்கு முன்னாலேயே அத்தனை பேருடைய வயலும் அவளுடைய கம்ப்யூட்டருக்குள் வந்து சேர்ந்துவிடும். ஐம்பதைத் தாண்டியவள். வாய் கொஞ்சம் நீளம். யாருக்காவது எதையாவது செய்துகொண்டே இருக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. நல்ல குணம்தான், ஆனால் அந்தக் குணத்தாலேயே ஒருமுறை அண்ணனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அண்ணன் பெயர் ஜாஃபர் சாதிக். ஊர் வழக்கப்படி அவரைக் 'காக்கா' என்று கூப்பிடுவாள். அந்த ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணமான ஆண் மனைவியின் வீட்டுக்குப் போய்விட வேண்டும். காக்காவும் அப்படிப் போனவர்தான். மனைவி காலமானபின் அந்த வீடு மகள் ஷிஃபாவுடையதாகிவிட்டது. பிறந்த வீடு தங்கையுடையது, வாழ்ந்த வீடு மகளுடையது. இரண்டிலும் அவருக்குக் குறை வைத்தவர்கள் யாருமில்லை. ஆனாலும் இரண்டு இடத்திலும் விருந்தாளிபோலத்தான் உட்கார்ந்திருப்பார்.

போன வருஷம் பக்கவாதம் வந்தது. பேச்சும் நடையும் திரும்பிவிட்டன. வலது கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. விரல்களுக்கு வேலை கொடுத்தால் சரியாகும் என்று டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார். காக்கா அதைக் கொல்லைப்பக்கம் விட்டெறிந்தார்.

கை போனதைவிட அவருக்குப் பெரிய துக்கம் சஹன் போனது. விருந்துகளில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து, ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுக்குத்தான் சஹன் என்று பெயர். அதில் போய் யார் இடது கையை வைப்பார்கள்? ஊர் விருந்துகள் எதற்கும் அவர் போவதில்லை. வீட்டிலும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கரண்டியால்தான் சாப்பிட்டார். இந்த நிலையில் ஃபஹ்மிதாவின் மகள் ரிஃப்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளையின் தகப்பனாரோடு முதல் சஹனில் உட்கார வேண்டியவர் தாய்மாமன்.

"நான் வரலம்மா. இங்கேர்ந்தே துஆ செய்றேன்" என்றார் காக்கா.

ஃபஹ்மிதா அழுது பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் அந்த விளையாட்டு வந்து சேர்ந்தது. சின்ன வயதில் இருவரும் சார்ஜாவில் இருந்தார்கள். அவர்களுடைய வாப்பா வேலை பார்த்த கம்பெனியில் இருந்த ஒரு இங்கிலாந்துக்காரர் ஊருக்குத் திரும்பும்போது, தன் பிள்ளைகளின் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டரை இவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்பாக, ரப்பர் பொத்தான்களோடு, பள்ளி நோட்டு அளவில் இருக்கும். டேப்ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டால் வீலென்று கத்தி, டிவியில் நீலமும் மஞ்சளுமாகக் கோடு ஓடி, சாவகாசமாக ஒரு விளையாட்டு வரும். அதில் ஒரு குட்டி ஆள் கலங்கரை விளக்கத்துக்குள் ஏறுவான். விளக்கு அணைவதற்குள் எண்ணெய் டப்பாக்களைப் பொறுக்கிக்கொண்டு உச்சிக்குப் போக வேண்டும். அவனுக்கு மூன்று உயிர், திரையின் மூலையில் மூன்று குட்டி ஆட்களாக நிற்கும்.

விளையாட்டு ஒருவருக்கானது, பிள்ளைகளோ இரண்டு பேர். காக்கா ஒரு நியாயம் கண்டுபிடித்தார். வலதுபக்கம் உட்கார்ந்து, இடம் வலம் நடத்துகிற இரண்டு பொத்தான்களையும் தானே வைத்துக்கொண்டார். தங்கைக்குக் குதிக்கிற பொத்தான் மட்டும். மூத்தவர்கள் கண்டுபிடிக்கும் நியாயம் எந்த ஊரிலும் இப்படித்தான் இருக்கும்.

அந்த விளையாட்டை இன்னும் யாரோ பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று ஃபஹ்மிதா ஒருநாள் இணையத்தில் கண்டாள். ராஸ்பெர்ரி பை என்று உள்ளங்கையில் அடங்குகிற ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர் ஒன்றை வரவழைத்தாள். அதைப் பழைய ஸ்பெக்ட்ரம் மாதிரியே நடக்கவைக்கும் மென்பொருளை ஏற்றி, டிவியோடு இணைத்தாள். இரண்டு நாள் மல்லுக்கட்டியபிறகு அதே வீல் சத்தம் வந்தது. அடங்கலுக்கு வந்து காத்திருந்த ஒருவர், "மிக்சி போயிருச்சும்மா, பாருங்க" என்றார்.

விளையாட உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அவளுக்கு நடக்கத் தெரியாது. குதிப்பதெல்லாம் அச்சுப் பிசகாமல் குதித்தாள். ஆனால் குட்டி ஆளை நாலடி நடத்தச் சொன்னால் வலது கை திருதிருவென்று விழித்தது. முதல் அறையிலேயே மூன்று உயிரும் போயின. மறுபடி போயின. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது, அப்புறம் சிரிப்பு நின்றபிறகும் வந்துகொண்டிருந்தது. நேராகக் காக்கா இருந்த ஷிஃபா வீட்டுக்குப் போனாள்.

"காக்கா, அந்த வெளக்குக்காரன் வந்துருக்கான். எனக்கு நடத்தத் தெரியல. நீங்க வாங்க."

"எந்தக் கைய வச்சு நடத்துறது?"

"அந்தக் கைதான். வேற யாருக்கும் அது தெரியாது."

பொய்யில்லை. அதனால்தானோ என்னவோ அவர் வந்தார்.

முதல் நாள் பார்க்கச் சகிக்கவில்லை. விரல் பொத்தானைத் தேடிப்போய்ச் சேர்வதற்குள் குட்டி ஆள் விழுந்து கிடந்தான். காக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. வரமாட்டார் என்று நினைத்தாள். மறுநாள் மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் வந்து நின்றார். அன்றும் அப்படியே விழுந்தான். ஃபஹ்மிதாவால் யாரையும் தோற்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மென்பொருளில் ஒரு எண்ணை மாற்றினால் போதும், எத்தனை தடவை விழுந்தாலும் உயிர் குறையாது. மாற்றிவிட்டாள்.

அடுத்த நாள் ஆட்டம் அமோகமாக நடந்தது. விழுந்தார்கள், எழுந்தார்கள், இரண்டாவது அறைக்குப் போனார்கள், மூன்றாவதுக்கும் போனார்கள். ஃபஹ்மிதா தேநீர் போட எழுந்தாள்.

"ஃபஹ்மி, உக்காரு" என்றார் காக்கா. "அந்த மூலையில மூணு ஆளு நிக்கிறான் பாரு. நாம விழுந்துக்கிட்டே இருக்கோம். ஒருத்தன்கூடக் கொறையல."

அவள் எழுந்த வேகத்தில் உட்கார்ந்தாள்.

"நீதான் என்னமோ பண்ணிருக்க."

"உங்களுக்குச் சிரமமா இருக்கேன்னுதான் காக்கா..."

"ஷிஃபா சோத்த உருண்டை புடிச்சுத் தட்டுல வைக்கிறா. டாக்டர் கையப் பாக்காமலேயே நல்ல முன்னேற்றம்ங்கிறாரு. நீ இப்டி. எல்லாரும் சேந்து நான் தோக்கவே முடியாதபடி ஆக்கிட்டீங்க. அப்பறம் நான் எதுக்கு வெளையாடுறேன்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் ஃபஹ்மிதா பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பாள். விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. இவ்வளவு பாடுபட்டதற்கு இதுதானா என்று அடுப்படியில் பாத்திரங்களோடு பேசினாள். கோபம் தணிந்ததும் வந்து அந்த எண்ணைப் பழையபடி மாற்றினாள். ஷிஃபாவுக்கு ஃபோன் செய்து, "வாப்பாகிட்ட சொல்லு, மூணு உயிருதான் இருக்குன்னு" என்றாள். ஷிஃபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சொல்லிவிட்டாள்.

அவர் வந்தார். அதற்கப்புறம் கல்யாண வேலைகளுக்கு நடுவிலும் தினம் வந்தார். தோற்றார்கள், நிறையத் தோற்றார்கள். தப்பாகக் குதித்ததற்கு அவளை ஏசினார், மெதுவாக நடத்தியதற்கு அவள் அவரை ஏசினாள். எந்த நாளிலிருந்து அவருடைய விரல் பொத்தானைத் தேடாமல் நேராகப் போய் விழ ஆரம்பித்தது என்று இருவரும் கவனிக்கவில்லை. விளக்கின் உச்சிக்கு மட்டும் அவர்கள் போய்ச் சேரவே இல்லை. கல்யாணத்துக்கு வருவதைப் பற்றி அவர் பேசவில்லை. அவளும் ஒருவழியாக வாயை மூடிக்கொண்டாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நிக்காஹ் அன்று ஆண்கள் பந்தி பந்தலில், பெண்கள் வீட்டுக்குள். காக்கா வெள்ளைச் சட்டையோடு வந்து இறங்கினார் என்று யாரோ சொன்னார்கள். பந்தலில் என்ன நடக்கிறது என்று ஃபஹ்மிதா இருந்த இடத்திலிருந்து தெரியாது. மணப்பெண்ணின் தாய் எட்டிப் பார்க்கவும் முடியாது. பிரியாணி மணம் வந்தது, சஹன்கள் போகிற சத்தம் வந்தது. ஷிஃபா ஒரு தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டு பந்தலுக்குக் கொடுத்தனுப்பக் கிளம்பினாள். ஃபஹ்மிதா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கேட்டா குடுப்போம்."

யாரும் வந்து கேட்கவில்லை. அது நல்லதற்கா, அவர் சாப்பிடாமலேயே எழுந்துவிட்டாரா என்று தெரியாமல் அவள் வந்தவர்களுக்கெல்லாம் சலாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பந்தி முடிந்து காக்கா கொல்லைவாசல் வழியாக உள்ளே வந்தார். சட்டையின் முன்பக்கமெல்லாம் சோறு. வலது கை விரல்களில் நெய் மினுங்கியது.

"சாப்பிட்டீங்களா காக்கா?"

"பாதி வாயில, பாதி சட்டையில. சஹன்லயும் வெளியிலயும் நல்லாவே எறச்சுட்டேன்." என்றார். "உன் சம்பந்தி மீரா உசேன் எல்லாத்தையும் பாத்தாரு. ஒண்ணுமே சொல்லல. அவரு பாட்டுக்குச் சாப்ட்டாரு. எனக்கு அது போதும்."

சட்டையில் ஒட்டியிருந்த சோற்றைத் தட்டிவிட ஃபஹ்மிதாவின் கை எழுந்தது. பாதியில் அதை இறக்கிக்கொண்டாள்.

"குழாய் அந்தப் பக்கம் இருக்கு" என்றாள்.